கடல் இல்லாத மாவட்டத்தில் ஒரு கடற்கரைக்காரி

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் மலையோ வயலோதான். அப்படிப்பட்ட மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில், ஓட்டுப் பட்டியலில், கடல் தின்றுகொண்டிருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரியை இருபது வருடத்துக்கு மேல் நான் வைத்திருந்தேன். அவள் என் அக்கா. வைத்திருந்தேன் என்று சொல்வது சரிதான், எழுதியது என் கை.

இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். அரசாங்கத்தைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், திட்டத்தான் போகிறேன். ஆனால் அரசாங்கத்தைத் திட்டி முடித்த பிறகும் என் வயிற்றெரிச்சல் அடங்குவதில்லை. அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ரயில் கேட்டுக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. பேருக்குத்தான் போட்டோ கொப்பி. உண்மையான தொழில் பாரம் நிரப்புவது, அதாவது அரசாங்கப் படிவம் எழுதிக்கொடுப்பது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட், அஸ்வெசும நிவாரணம், முதியோர் கொடுப்பனவு, எதுவானாலும் தோட்டத்து ஆட்களும் டவுன் ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள். சிங்களத்தில் எழுதுவேன், தமிழில் எழுதுவேன், தேவைப்பட்டால் இங்கிலீஷிலும் ஒப்பேற்றுவேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் எந்தக் கந்தோர் திருப்பி அனுப்பும் என்று எனக்குத் தெரியும். பிழையாக நிரப்பிக்கொண்டு வருகிறவர்களை நான் பேசுகிற பேச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மருந்துக் கடை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த நாட்டில் எல்லை போடுகிறவர்கள் யாரும் அந்த எல்லையில் குடியிருப்பதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தையே, தொழிலாளர் வரிசை வீடுகளையே, எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகிற கான். அதுதான் இரண்டு கிராம சேவகர் பிரிவுகளுக்கு எல்லை. ஆகவே எங்கள் குடும்பங்கள் ஒரு பிரிவில், எங்கள் கக்கூஸ் இன்னொரு பிரிவில். கக்கூசின் கூரை பறந்துபோன வருடம் இந்தப் பக்கத்துக் கிராம சேவகர், எங்கள் வாயில் ஜீ.எஸ்., அந்தப் பக்கத்தைக் கை காட்டினார். அந்தப் பக்கத்து ஜீ.எஸ்., “எங்க பிரிவுல கக்கூஸ் இருக்கு, ஆனா அதைப் பாவிக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லையே” என்றார். கடைசியில் கொழுந்துச் சாக்கைத் தைத்து மேலே கட்டினோம். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அந்த வேடிக்கைதான் பிற்பாடு கடற்கரையில் அக்காவின் வீட்டுக்கு வந்து நின்றது.

அக்கா கல்யாணம் கட்டிப் போனது திருகோணமலைக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்துக்கு. அவள் வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான். கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இறங்கிய குடும்பம். அவருடைய அப்பா காட்டை வெட்டிக் குடியிருந்தார், இவர் கரைவலை இழுக்கப் பழகிக்கொண்டார். கொழுந்து பறித்த அக்கா கருவாடு காயப்போடக் கற்றுக்கொண்டாள். பிள்ளை இல்லை. இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள கல்வீடு. அதை அவர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதை நான் ஒவ்வொரு முறை போகும்போதும் பார்த்திருக்கிறேன்.

போனவளின் பெயரை நாங்கள் வெட்டவில்லை. எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். கொழும்பில் கடையில் நிற்கிறவன், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போனவள், வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டவள், எல்லாருடைய பெயரும் லயத்தில்தான் இருக்கும். ஒரு காலத்தில் எந்த இடாப்பிலும் பெயரில்லாமல், நாடே இல்லாதவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்ட சனம் நாங்கள். பட்டபாட்டுக்குப் பிறகு ஏறிய பெயரை ஒரு இடத்தில் வெட்டினால் இன்னொரு இடத்தில் ஏறும் என்று எங்களில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. பெயர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஆள் பிழைக்கிற இடத்தில் பிழைக்கட்டும் என்பதுதான் கணக்கு.

வருடா வருடம் கிராம சேவகர் வீட்டுக்கு வீடு பாரம் கொடுப்பார். இந்த வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, நாங்கள் காம்பரா என்போம். ஒன்றில் நாங்கள் இருந்தோம். மற்றதை அக்கா குடும்பத்தின் பேரில், தனிக் குடும்பமாக, அவள் வீட்டுக்காரரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். தோட்ட நிருவாகம் அந்தக் காம்பராவைக் கேட்டு வந்தபோது, “அக்கா வந்து போயிக்கிட்டுத்தான் இருக்காங்க” என்று அடித்துப் பேசினேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஓட்டுப் போடுகிற நாளுக்கு அக்காவும் வீட்டுக்காரரும் தவறாமல் வருவார்கள். தம்புள்ளையில் பஸ் மாறி வந்து இறங்கும்போதே கருவாட்டு வாசம் முன்னால் வரும். ஓட்டுப் போட்டு, விரலில் மையோடு இரண்டு நாள் இருந்து, மிளகும் காய்ந்த பலாக்கொட்டையும் கட்டிக்கொண்டு போவார்கள். எங்களுக்குத் தேர்தல் என்றால் அக்கா வருகிற நாள், அவ்வளவுதான்.

அப்புறம் ஏழு பேர்ச் கதை வந்தது. லயத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்றார்கள். இரண்டு குடும்பம் என்றால் இரண்டு துண்டு. அக்காவுக்கு அது தேவையில்லை, அவளுக்குக் கடற்கரையில் வீடு இருக்கிறது. என் மூத்த மகன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கல்யாண வயது. அவன் வீடு கட்ட இந்த இரண்டாவது துண்டு ஆகும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் சம்மதித்திருப்பாள், அதனால்தான் கேட்கத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். நம் சொந்த அலமாரியில் இருந்து எடுக்க யாரிடம் கேட்கிறோம்?

அக்கா போன் எடுத்தது ஒரு காலை நேரம். கடையில் கூட்டம்.

“தங்கச்சி, இங்க அரசாங்கக் கச்சேரில இருந்து பட்டியல் ஒட்டிட்டாங்க. கடல் எடுக்கிற வீட்டுக்காரங்களுக்கு உள்ளுக்க காணியும் வீடும் தர்றாங்களாம். எங்க ரெண்டு பேரு பேரும் இல்ல.”

“எப்படி இல்லாம போகும்? ஒன் வீட்ட விடக் கடலுக்குக் கிட்ட யாரு வீடு இருக்கு?”

“அதான் கேட்டேன். நீங்க மாத்தளைன்னு சொல்றாங்க.”

நான் கடையை மூடிவிட்டு மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். யாரைக் கடிப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன். முந்தைய முறை நான் வந்தபோது முற்றத்தில் நின்ற இரண்டு தென்னை மரங்களும் இப்போது தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தன. குசினிச் சுவருக்கும் அலைக்கும் நடுவில் மண் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் பாதி கட்டி நிறுத்திய ஒரு சுவர், முழங்கால் உயரத்துக்கு. அதை ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். அதிகாரிகள் வந்து நிறுத்திவிட்டார்களாம். கடலிலிருந்து முன்னூறு மீற்றருக்குள் அனுமதி இல்லாமல் எதுவும் கட்டக் கூடாதாம். நாடா பிடித்து அளந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அங்குள்ள கிராம சேவகர் இளம் ஆள். மரியாதையாகக் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, சண்டை போட வந்தவளுக்கு மரியாதை கிடைத்தால் எங்கே போய் முட்டுவது? சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. கடலோரமாக ஆறேழு பிரிவுகளுக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள்.

“இஞ்ச பாருங்கோ அக்கா,” என்று ஒரு குச்சியை எடுத்தார். “கடல் முட்டுற கிராம சேவகர் பிரிவு எல்லாம் கரையோரப் பிரிவு. இந்தப் பிரிவு இடாப்பில பேர் உள்ள குடும்பங்கள மட்டும் எடுக்கச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு.”

நீல நிறத்தில் ஒரு பிரிவு வால் மாதிரி நீண்டு, கோழி கொத்தினாற்போல் ஓரிடத்தில் மட்டும் கடலைத் தொட்டது. அதன் மறுமுனை பெரிய ரோட்டுக்கும் அப்பால். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஐஸ் போடுகிற முதலாளி ஒருவரின் மாடிவீடு அங்கேதான் இருந்ததாம். அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் அவர் மோட்டார் சைக்கிளில்தான் வர வேண்டும்.

“அப்ப அவரு கரையோரத்து ஆளு. எங்கக்கா மலையில இருக்கா. அப்படித்தானே?”

“பதிவில அப்பிடித்தான் அக்கா.”

“செவுரு கட்டாதன்னு வந்து நிப்பாட்டினீங்களே, அத யாருக்குச் சொன்னீங்க?”

“அது வீட்டுக்குச் சொன்னது.”

“வீட்டுக்குள்ள யாரு இருந்தா?”

“உங்கட அக்காதான் இருந்தவ.”

“தடுக்கிறதுன்னா நாடாவப் புடிக்கிறீங்க. குடுக்கிறதுன்னா இடாப்பப் புரட்டுறீங்க. என்னா நியாயம் இது?”

அவர் குச்சியை மேசையில் வைத்தார். சட்டம் செய்தவர் அவர் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் செய்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், இவர்தான் எதிரில் இருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அக்கா ஒரு பக்கம் முன்னூறு மீற்றருக்குள் இருந்து அடி வாங்கினாள், மறுபக்கம் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து அடி வாங்கினாள். நான் கத்தினேன். மேசையில் தட்டினேன். வெளியே வரிசையில் நின்ற ஒரு பெண், “தோட்டத்து ஆக்கள் இப்பிடித்தான்” என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. திரும்பி அவளுக்கும் கொடுத்தேன்.

அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அவரு மேல கத்தாத தங்கச்சி. என்னா செய்யணும்னு கேளு.”

அவர் சொன்னார். ஆட்சேபம் தெரிவிக்கக் கொஞ்ச நாள் இருக்கிறது. மாத்தளைக் கிராம சேவகரிடம் இருந்து, இவர்கள் அங்கே குடியிருக்கவில்லை, பெயரை அங்கே நீக்க ஆவன செய்யப்படுகிறது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால், அதை வைத்து மேலே அனுப்பிப் பட்டியலில் சேர்க்கப் பார்க்கலாம். கரண்ட் பில்லைக் காட்டலாம் என்றால் அது அக்கா வீட்டுக்காரரின் செத்துப்போன அம்மாவின் பேரில் வந்துகொண்டிருந்தது. ஆகவே கடிதம்தான் உயிர்.

“அது என்னா பெரிய காரியம், எங்க ஜீ.எஸ். எனக்குப் பழக்கம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜீ.எஸ். கந்தோர் என் கடையிலிருந்து பத்து நிமிட நடை.

அந்தப் பத்து நிமிடத்தை நடக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதைத்தான் நான் எழுத வந்தேன், இவ்வளவு நேரம் அரசாங்கத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பி வந்த அதே வாரம் தோட்டத்தில் ஏழு பேர்ச் பேச்சு மறுபடி கிளம்பியிருந்தது. குடும்பப் பட்டியல் எடுக்கிறார்கள், இந்த மாதமே முடிக்கிறார்களாம் என்றார்கள். அக்கா குடும்பம் இங்கே இல்லை என்று இப்போது கடிதம் வாங்கினால், இரண்டாவது துண்டு போய்விடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைப்பதா? பட்டியல் முடியட்டும், முடிந்த மறுநாள் கடிதம் வாங்கலாம், அக்காவுக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர், “ஒன் அக்கா காரியம், நீயே பாத்துக்க” என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் மேல் பழி போட ஆசையாகத்தான் இருக்கிறது. முடிவு என்னுடையது.

அக்கா போன் எடுத்தாள். “ஜீ.எஸ். லீவுக்கா” என்றேன்.

அடுத்த வாரம் எடுத்தாள். “மீட்டிங்குக்குப் போயிட்டாரு. மாத்தளையில” என்றேன். சொல்லும்போது ஜீ.எஸ். என் கடையில்தான் நின்றார். அவருடைய அடையாள அட்டையைக் கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். கையைக் காட்டிச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னேன்.

“அவசரமில்ல தங்கச்சி. கடைய வுட்டுட்டு அலையாத. அவரு வந்ததும் போ” என்றாள் அக்கா.

ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் நான். முடிவுத் தேதியைத் தவற விட்டவர்களை என் கடையில் நாய் மாதிரிப் பேசியிருக்கிறேன். ‘தேதி போட்டிருக்கான்ல, கண்ணு எங்க போச்சி?’ என்று கேட்டிருக்கிறேன். அந்த மூன்று வாரமும் என் கண் எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

தோட்டத்துப் பட்டியல் முடியவில்லை. மூன்றாவது வாரம் அக்கா எடுத்தாள். இந்த முறை கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“குசினி செவுரு போயிருச்சி. அடுப்பு வெளிய நிக்குது” என்றாள். அவ்வளவுதான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு நடந்தேன். கந்தோரில் ஜீ.எஸ். இருந்தார். ஓய்வு பெறப் போகிற வயது, சிங்கள ஆள். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கேஸ் போடுவாரோ என்ற பயம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? உன் அக்கா தேர்தலுக்குத் தேர்தல் மீன் வாசத்தோட வர்றா. லயத்துல குடியிருக்கிறவ மேல அந்த வாசம் எப்படி வரும்?” என்றார். “நீங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவீங்க, நானும் வுட்டுருவேன். ஆனா இத முன்னமே வந்து கேட்டிருக்கலாமே நங்கி.”

பத்து நிமிடத்தில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். அவர் ஒழுங்கான உத்தியோகத்தர். விண்ணப்பம் கிடைத்த தேதியை எழுதினார், அதே தேதியில் கடிதம் வழங்கப்பட்டதென்றும் எழுதினார். எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன், எந்தக் கடிதத்திலும் முதலில் தேதியைப் பார் என்று. அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

மறுபடி தம்புள்ளை, மறுபடி திருகோணமலை. அக்காவும் நானும் அந்த இளம் கிராம சேவகருக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவர் கடிதத்தை வாசித்தார். முகம் விழுந்தது.

“போன வெள்ளியோட ஆட்சேபம் முடிஞ்சுது அக்கா. பட்டியல மேல அனுப்பியாச்சு. நாலு நாள் முந்தி வந்திருந்தா நானே கையோட கொண்டுபோய்க் குடுத்திருப்பன்.”

“இதுல எல்லாம் தெளிவா இருக்கே” என்றேன்.

“இதில அங்க இல்லையெண்டு இருக்கு. இங்க இருக்கிறாவெண்டு இல்லையே. இங்க பதியிறதெண்டா அடுத்த பாரம் வரவேணும்.”

அதாவது அன்றைக்கு, அந்த மேசைக்கு முன்னால், என் அக்கா எங்குமே குடியிருக்கவில்லை. உக்குவளையில் இல்லை என்பதற்குச் சீல் குத்திய கடிதம் இருந்தது. கடற்கரையில் இருக்கிறாள் என்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை வாங்கியதும் நான், அதற்கு முன்னால் இருபது வருடம் அதற்கு எதிராக எழுதியதும் நான்.

நான் மறுபடி கத்த வாயைத் திறந்தேன். வழக்கம். என் சத்தம் எழுவதற்குள் அக்கா கேட்டாள்.

“தம்பி, அந்தக் காயிதத்துல தேதி என்னா போட்டிருக்கு?”

அவர் சொன்னார். விண்ணப்பம் கிடைத்தது முந்தின நாள், கொடுத்ததும் முந்தின நாள். “அவர் ஒரு நாள்கூட வைச்சிருக்கேல்ல அக்கா. கேட்ட உடன குடுத்திருக்கிறார்” என்று நல்ல மனதோடு சேர்த்தும் சொன்னார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போனாள். பின்னால் போனேன். வாகை மரத்தடியில் நின்றாள்.

“லீவுன்னியே” என்றாள்.

நான் செருப்பால் மண்ணைக் கிளறினேன். பேச்சில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவள்.

“காம்பராவுக்காகவா?”

“ஏழு பேர்ச்சுக்காக” என்றேன். அதையாவது மறைக்காமல் சொன்னேன். “பெரியவனுக்கு.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி. கடலு ஒரு நாளைக்கு ஒரு அடி எடுத்துச்சி. நாங்க எண்ணிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். நீ வருவேன்னு.”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் அவள் என்னை நிறைய அடித்திருக்கிறாள்.

எங்கள் லயத்துக்கு வந்துவிடச் சொன்னேன், காம்பரா சும்மாதான் கிடக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் அசிங்கம் எனக்கே கேட்டது. அவள் வரவில்லை. அந்தப் பருவக் கடல் அடங்குவதற்குள் இரண்டு அறையில் ஒன்றும் போய்விட்டது. மிஞ்சிய அறைக்குத் தரப்பாள் கட்டி, அதற்குள்ளேயே இருந்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் உள்ளே காணி கிடைத்துப் போனார்கள். ஐஸ் முதலாளிக்கும் கிடைத்தது. அவர் அதில் வாழைக்கன்று வைத்திருக்கிறார் என்று அக்காவின் வீட்டுக்காரர் என்னிடம் போனில் சொன்னார். அக்கா போனுக்கு வருவதில்லை.

அடுத்த வருடம் பாரம் கொடுக்கிற காலம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கடற்கரைக்குப் போனேன். பாரத்தையாவது பிழையில்லாமல் நிரப்பிக் கொடுக்கலாம், இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில் என்று எண்ணம். தரப்பாளுக்குக் கீழே பாரம் ஒரு தகர டப்பாவின் மேல் இருந்தது. பேனையை எடுத்து மூடியைக் கழற்றினேன். அக்கா டப்பாவோடு பாரத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ எழுதினது போதும்” என்றாள்.

பேனையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு மேலும் கீழும் போக எழுதினாள். வீட்டுக்காரர் பெயர். அவள் பெயர். விலாசம். ஓரிடத்தில் வரிசை மாறி எழுதிவிட்டாள். என் விரல் தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். எழுதி முடித்து, பாரத்தை மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டு கிராம சேவகரிடம் அவளே நடந்து போனாள். நான் போகவில்லை. அலை அந்த அரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

ஏழு பேர்ச் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. ஒரு துண்டும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. கக்கூசுக்குக் கூரை மட்டும் வந்திருக்கிறது. மகன் தம்புள்ளையிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு தேர்தல் வந்தது. நான் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, கடையைத் திறக்காமல், பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். மாத்தளையிலிருந்து பஸ் ஒவ்வொன்றாக வந்தது. கொழும்பில் இருக்கிறவர்கள், தம்புள்ளையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பையோடு இறங்கினார்கள். தெரிந்தவள் ஒருத்தி, “யாருக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“அக்காவுக்கு” என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் இந்த ஊர் இல்லை என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.